எப்.ஏ. வகுப்பு முதல் சமுதாயக் கல்லூரி வரை: மலைநாட்டில் நம் கல்விப் பயணம்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுப் பணியை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பது நம் கடமையாகும். பள்ளிகள் எப்பொழுது வந்தன, விடுதிகள் எப்பொழுது திறந்தன என்பன பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். ஆயின், பள்ளி இறுதிக்கும் பட்டத்திற்கும் இடையே உள்ள அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி எழுதியவர் சிலரே. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வழுக்கி விழுந்த இடம் அதுவே. அந்த இரண்டாண்டுப் படிப்பின் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். பழைய எப்.ஏ. வகுப்பில் தொடங்கி, அமெரிக்க நாட்டுச் சமுதாயக் கல்லூரி வரை சென்று, மீண்டும் இம்மலைக்கு வருவோம்.

இரண்டாம் நிலைக் கல்லூரிகள்

1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அக்காலத்தில் உயர்கல்வி என்பது மூன்று படிகளை உடைய ஏணியாக இருந்தது. முதற்படி மெட்ரிக்குலேஷன். அதில் தேறியவர் இரண்டாண்டு படித்து எழுதுவது எப்.ஏ. தேர்வு. அதிலும் தேறியவர் மேலும் இரண்டாண்டு படித்து எழுதுவது பி.ஏ. தேர்வு. எப்.ஏ. என்பதே பிற்காலத்தில் இண்டர்மீடியட் என்னும் பெயரைப் பெற்றது.

கல்லூரிகளும் அதற்கேற்ப இரு வகையாக இருந்தன. பி.ஏ. வரை கற்பித்தவை முதல் நிலைக் கல்லூரிகள், எப்.ஏ. வரை மட்டும் கற்பித்தவை இரண்டாம் நிலைக் கல்லூரிகள். சென்னை போன்ற பெருநகரங்களில் முதல் நிலைக் கல்லூரிகள் இருந்தன. மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றில் இரண்டாம் நிலைக் கல்லூரிகளே இருந்தன. தம் ஊருக்கு அருகில் குறைந்த செலவில் இரண்டாண்டு படித்துவிட்டு, பிறகு பெருநகரக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டுப் படிப்பில் சேர்வது மாணவர் வழக்கம். எக்கல்லூரியில் படித்தாலும் தேர்வு நடத்துவது பல்கலைக்கழகமே ஆதலின், ஓர் ஊரில் பெற்ற தேர்ச்சி மற்றோர் ஊரில் செல்லும். நாணயம் ஊருக்கு ஊர் மதிப்பு மாறாதது போன்றது இது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள். வேலூர் ஊரீசுக் கல்லூரியில் எப்.ஏ. படித்து, பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு மாறி, அங்கே தத்துவம் பயின்று பட்டம் பெற்றவர் அவர். வேலூரில் அந்த இரண்டாண்டு வகுப்பு இல்லாதிருந்தால் அவருடைய வழி வேறாக இருந்திருக்கக் கூடும்.

அப்படிப்பின் பாடத்திட்டம் பரந்தது. ஆங்கிலம், மற்றொரு மொழி, கணிதம், அறிவியல், வரலாறு எனப் பலவும் ஒருங்கே பயில வேண்டும். ஒன்றில் மட்டும் வல்லவராக இருப்பது போதாது. கணித மேதை இராமானுஜன் கும்பகோணம் கல்லூரியிலும், பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியிலும் எப்.ஏ. படித்தார். கணிதத்தில் ஈடிணையற்றவராக இருந்தும் ஏனைய பாடங்களில் தவறியதால் 1906, 1907 ஆகிய இரண்டாண்டுகளிலும் அத்தேர்வில் தோல்வியே கண்டார். பல துறை அறிவையும் தரும் நோக்குடைய அப்படிப்பு, ஒரே துறையில் மூழ்கியவரை வாயிலிலேயே நிறுத்தியும் விட்டது. அதன் நிறையும் குறையும் இவ்வொரு நிகழ்ச்சியில் விளங்கும்.

மலையில் எழுந்த முதற் குரல்

இந்த ஏணியில் நம் மக்களுக்கு இடம் எங்கே இருந்தது?

நீலகிரியில் கல்விக்குப் பஞ்சம் என்று சொல்ல இயலாது. லாரன்ஸ் பள்ளி 1858ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் அத்தகைய பள்ளிகள் ஆங்கிலேயர் குழந்தைகளுக்காக எழுந்தவை. சாலை வெட்டியவர்களும், காப்பித் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் காடு திருத்தியவர்களும், பங்களாக்களில் சமையலும் தோட்ட வேலையும் பார்த்தவர்களும் ஆகிய நம் முன்னோரின் குழந்தைகளுக்காக எழுந்தவை அல்ல.

ஆயினும் நம் மக்களின் முதல் அரசியற் குரல்களுள் ஒன்று இம்மலையிலிருந்தே எழுந்தது என்பதை நாம் பெருமையுடன் நினைவு கூர்தல் வேண்டும். பண்டித அயோத்திதாசர் இளமையில் இங்கே வாழ்ந்தவர். 1870களில் இங்கே அத்வைதானந்த சபையை நிறுவியவர். 1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அவருடைய திராவிட மகாஜன சபையின் மாநாடு உதகையில் கூடிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. நம் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும், மெட்ரிக்குலேஷன் படிப்புக்கு உதவித்தொகை வேண்டும், படித்தவர்க்கு அரசுப் பணி வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். மெட்ரிக்குலேஷன் என்பது கல்லூரியின் வாயிற்படி. எழுத்தறிவு பெற்றவர் மிகச் சிலராக இருந்த காலத்திலேயே அப்பெரியோர் கல்லூரி வாயிலைக் குறிவைத்தனர்.

அடுத்த ஆண்டு, அதாவது 1892இல், சென்னையில் நடைபெற்ற மகாஜன சபைக் கூட்டத்தில் பண்டிதர் நம் மக்களின் குறைகளை எடுத்துரைத்தார். கோயில் நுழைவு பற்றிய பேச்சு அங்கே எதிர்ப்பைக் கிளப்பியது. இறுதியில் நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி என்னும் கோரிக்கைக்கு இசைவு கிடைத்தது. உதகையில் கேட்டது மெட்ரிக்குலேஷன். சென்னையில் இசைந்தது நான்காம் வகுப்பு. இந்த இடைவெளியை அளந்து பார்த்தால் நம் கல்வி வரலாற்றின் பாதி புரிந்துவிடும்.

நீலகிரியோடு தொடர்புடைய மற்றொரு பெருந்தகை இரட்டைமலை சீனிவாசனார். மலையில் கணக்கர் பணியாற்றி, 1890இல் சென்னை சென்று, 1891இல் பறையர் மகாஜன சபையையும் 1893இல் ‘பறையன்’ இதழையும் தொடங்கியவர் அவர். அவர் படித்தது கோயம்புத்தூரில். அக்கலாசாலையில் இருந்த ஏறத்தாழ 400 மாணவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக மற்றையோர் பிராமணர்கள் என்றும், தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் மாணவரோடு பழகாமல் வெளியிலேயே படித்துக் கொண்டிருந்து மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைந்ததாகவும் 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவர் குறித்துள்ளார். கல்விக் கட்டணம் ஒரு தடை. ஊர்த் தொலைவு ஒரு தடை. இவ்வச்சம் மூன்றாவது தடை. மூன்றையும் கடந்தவரே அக்காலத்தில் இரண்டாண்டுப் படிப்பை எட்ட முடிந்தது.

நடுப்படியில் கிடைத்த கைத்தாங்கல்

ஏணியின் நடுப்படி எவ்வளவு இன்றியமையாதது என்பதை அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்விலிருந்தே அறியலாம். 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறி, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்த அண்ணல், இண்டர்மீடியட் தேறியதும் மேலே படிக்கப் பணமின்றித் தவித்தார். ஆசிரியர் கெலூஸ்கர் அவரைப் பரோடா மன்னரிடம் அழைத்துச் சென்றார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912இல் பி.ஏ. பட்டம், 1913இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம், அதன் பின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. இண்டர்மீடியட் தேர்ச்சி கையில் இருந்ததனால் அன்றோ, இந்த இளைஞருக்கு உதவலாம் என்று மன்னரிடம் காட்ட முடிந்தது!

மற்றொரு சான்று மேதகு கே.ஆர். நாராயணன் அவர்கள். கேரளத்தின் உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்து, நாள்தோறும் பல கல் தொலைவு நடந்து பள்ளி சென்று, கட்டணம் செலுத்த இயலாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் உதவித்தொகையுடன் இண்டர்மீடியட் முடித்தார். பின்னர்த் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று 1943இல் முதன்மையாகத் தேறினார். 1945இல் டாட்டா உதவித்தொகை பெற்று இலண்டன் சென்றார். 1997இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். ஊருக்கு அருகில் இரண்டாண்டு, பின்னர்த் தலைநகரில் பட்டம் என்னும் அதே வழியே இவருக்கும் அமைந்தது.

இவ்விருவரின் வாழ்வும் நமக்கு உணர்த்துவது யாது? வறியவர் பிள்ளை முழு ஏணியையும் ஒரே மூச்சில் ஏறுதல் அரிது. இடையில் ஒரு படி வேண்டும். அப்படியில் நின்று மூச்சு வாங்கும்பொழுது கை கொடுக்க ஒருவர் வேண்டும். அதற்கு மேலும் படிகள் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில் நம் மக்கள் உயர்ந்தனர்.

நடுவண் அரசு 1944ஆம் ஆண்டில் பட்டியல் சாதி மாணவர்க்கு மெட்ரிக்குலேஷனுக்குப் பிந்திய உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. மன்னர் ஒருவரின் கருணையாக அண்ணலுக்குக் கிடைத்தது, அரசின் திட்டமாக நமக்கு வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1920களில் தொழிலாளர் துறையின் கீழ் நடந்த பள்ளிகளே பின்னாளில் ஆதி திராவிடர் நலப் பள்ளிகளாக வளர்ந்தன என்பதையும் உடன் எண்ணுதல் தகும்.

உதகையில் கல்லூரி

1891இல் உதகையில் தீர்மானம் நிறைவேறியது. உதகையில் அரசுக் கலைக் கல்லூரி தொடங்கியது 1955இல். இடையே 64 ஆண்டுகள்! அக்காலம் முழுவதும் மலைப் பிள்ளைகள் கல்லூரி காண வேண்டுமெனில் கல்லாறு வழியாகக் கீழே இறங்கிக் கோவைக்கோ அதற்கப்பாலோ செல்ல வேண்டும். 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் மலை இரயில் வந்தது. ஆயினும் இரயில் கட்டணமும் விடுதிச் செலவும் எஸ்டேட் கூலிக்கு எட்டாதவை.

கல்லூரி அமைந்த இடமும் வரலாற்றுச் சிறப்புடையது. கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் மாளிகை, மக்கள் நாவில் ‘கல் பங்களா’, அவ்வளாகத்திலேயே உள்ளது. ஆட்சியாளரின் முதல் வீடு எழுந்த மேட்டில், தோட்டத் தொழிலாளியின் மகனும் மகளும் பாடம் கேட்கும் காலம் வந்தது.

ஆனால் அவ்வேளையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கல்லூரி தொடங்கிய நாளில் இண்டர்மீடியட் முறை தன் இறுதிக் காலத்தில் இருந்தது. 1956ஐ ஒட்டி அது நீக்கப்பட்டு, ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டப் படிப்பும் வந்தன. 1978இல் புகுமுக வகுப்பும் போய், பள்ளிகளிலேயே மேல்நிலை வகுப்புகள் தோன்றின. 1980இல் முதல் மேல்நிலைப் பொதுத் தேர்வு நடந்தது.

இம்மாற்றத்தால் நமக்கு நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. கல்லூரி நகரத்திற்குச் செல்லாமலே, வட்டத்து மேல்நிலைப் பள்ளியில் இரண்டாண்டு படிக்க வழி பிறந்தது பெரு நன்மை. கூடலூர், கோத்தகிரி, குந்தா பகுதிகளின் பெண்பிள்ளைகள் இதனால் பெற்ற பயன் சொல்லுந்தரமன்று. இழப்பு யாதெனில், பட்டப் படிப்பு பிரிக்கவொண்ணாத ஒரே கட்டியாகிவிட்டது. பழைய முறையில் பி.ஏ.வை நடுவில் விட்டவனுக்கும் ‘இண்டர்மீடியட் தேறியவர்’ என்னும் தகுதி எஞ்சியது. புதிய முறையில் இரண்டாண்டு பி.ஏ. படித்து நின்றவளுக்கு எஞ்சுவது மேல்நிலைச் சான்றிதழ் ஒன்றே. அந்த இரண்டாண்டு உழைப்பு விண்ணப்பப் படிவத்தில் எழுத இடமில்லாத உழைப்பாகும்.

எஸ்டேட்டுகளின் நிலையை நோக்கினால் இவ்விழப்பின் எடை தெரியும். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர் குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்யுமாறு தோட்ட முதலாளிகளைப் பணிக்க மாநில அரசுக்கு இடமளித்தது. ஆனால் அதில் குறித்த வயது ஆறு முதல் பன்னிரண்டு வரை. சட்டத்தின் பார்வையில் எஸ்டேட் குழந்தையின் கல்வி பன்னிரண்டு வயதில் முடிந்தது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல இம்மலையில் குடியேறின. அவர்களுக்கு வேலை தரும் பொருட்டு 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களே 1976இல் தேயிலைத் தோட்டக் கழகமாயின. அக்குடும்பங்களில் பெரும் பகுதியினர் நம்மவரே. லைன் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளை, தாய் நோயுற்றால் கொழுந்து பறிக்கத் திரும்புகிறது. தந்தை ஓய்வு பெற்றால் வீட்டையே காலி செய்ய வேண்டிய நிலை. படிப்பு நடுவில் முறிவது இங்கே பிள்ளையின் சோம்பலால் நிகழ்வதன்று. வாழ்க்கையின் அமைப்பே அவ்வாறுள்ளது. தலைமையாசிரியர் பணியில் ஆண்டுதோறும் சான்றிதழ் நகல் கேட்டு வரும் பழைய மாணவர்களிடம் நாம் காணும் உண்மை இது.

அமெரிக்க நாட்டு அனுபவம்

நாம் இழந்த அந்த நடுப்படியை அமெரிக்கர் வேறொரு பெயரில் வளர்த்தனர். 1901ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்னும் ஊரில், சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் ஹார்ப்பரும், அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் தலைவர் ஸ்டான்லி பிரவுனும் கூடி, பள்ளிக் கட்டடத்திலேயே கல்லூரியின் முதல் இரண்டாண்டுப் பாடங்களை நடத்தத் தொடங்கினர். முதலில் சேர்ந்தோர் அறுவர்! பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் முயற்சியும் சேர்ந்து ஓர் இயக்கம் பிறந்தது என்பது எம்மனோர்க்கு ஊக்கம் தரும் செய்தி. 1947இல் ட்ரூமன் ஆணையம் இவற்றைச் சமுதாயக் கல்லூரிகள் என்னும் பெயரால் நாடெங்கும் பரப்பப் பரிந்துரைத்தது.

அங்கு முறை இது. பள்ளி இறுதி முடித்த எவரும் சேரலாம். கட்டணம் பல்கலைக்கழகத்தைவிடக் குறைவு. வேலை பார்த்துக் கொண்டே பகுதி நேரமாகவும் படிக்கலாம். மொழி, கணிதம், வரலாறு, சமூக அறிவியல், இயற்கை அறிவியல் எனப் பல துறைப் பாடங்களைப் பயின்று, ஏறத்தாழ 60 கிரெடிட் என்னும் பாட அலகுகளைச் சேர்த்தால் இணைநிலைக் கலைப் பட்டம் கிடைக்கும். அதனுடன் பல்கலைக்கழகத்திற்கு மாறினால் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து, மேலும் 60 அலகு முடித்து முழுப் பட்டம் பெறலாம். நம் எப்.ஏ.யும் இரண்டாம் நிலைக் கல்லூரியும் கடல் கடந்து நின்று நம்மைப் பார்ப்பது போல் இல்லையா?

எனினும் அங்கும் குறை உண்டு. மாறிச் சென்று முழுப் பட்டம் பெறும் எண்ணத்துடன் சேர்வோரில் பெரும்பாலோர் அதனை எட்டுவதில்லை என்று அந்நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு கல்லூரியின் அலகை மற்றொரு கல்லூரி ஏற்க மறுப்பதும் காரணங்களுள் ஒன்று. வாயில் திறந்திருந்தால் மட்டும் போதாது. பாதை மேலே செல்கிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டில் இன்று

நம் நாட்டிலும் சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் வந்தது. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும் 1996இல் சென்னை உயர்மறைமாவட்டமும் அத்தகைய கல்லூரிகளைத் தொடங்கின. பள்ளியை நடுவில் விட்ட ஏழைகளுக்குத் தொழிற்பயிற்சி தந்த அவற்றின் தொண்டு பாராட்டுக்குரியது. ஆனால் அவற்றின் நோக்கம் வேலைவாய்ப்பு, அங்கிருந்து பி.ஏ. மூன்றாம் ஆண்டுக்குச் செல்லும் வழி அமையவில்லை. பெயர் ஒன்று, பொருள் வேறு என்பதை நம் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

2009இல் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணையின்படி, பத்தாம் வகுப்பும் மேல்நிலை வகுப்பும் முடிக்காமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் அரசுப் பணிக்குத் தகுதியாகாது. படிகளைத் தாண்டிக் குதித்துப் பெற்ற பட்டம் கையில் இருந்தும் பயன்படாமற் போனது பலருக்குப் பேரிடியாயிற்று. எச்சான்றிதழ் எங்கே செல்லும் என்று சேர்வதற்கு முன்னரே கேட்டறிய வேண்டும் என்பதற்கு இது பாடம்.

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை பட்டப் படிப்பை மீண்டும் படிகளாகப் பிரித்தது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வரைவமைப்பின்படி, 40 அலகுடன் ஓராண்டு முடித்தவர்க்குச் சான்றிதழ். 80 அலகுடன் இரண்டாண்டு முடித்தவர்க்கு டிப்ளமா. 120 அலகுடன் மூன்றாண்டு முடித்தவர்க்குப் பட்டம். இடையில் வெளியேறுவோர் கோடை விடுமுறையில் தொழிற்பாடம் ஒன்றும் முடிக்க வேண்டும். மூன்றாண்டுக்குள் திரும்பி வந்து, மொத்தம் ஏழாண்டுக்குள் பட்டத்தை நிறைவு செய்யலாம். அலகுகளைச் சேமித்து வைக்க 2021இல் கிரெடிட் வங்கி ஒன்றும் அமைக்கப்பட்டது.

இதனைத் தமிழ்நாட்டில் பலரும் எதிர்த்தனர். ஏழைப் பிள்ளைகளை இடையில் வெளியேற்றுவதற்குச் சட்டமே வழி செய்கிறது என்பது அவர்கள் வாதம். அவ்வச்சம் பொருளற்றதன்று. வெளியே செல்லும் வாயில் அகலமாகவும், உள்ளே திரும்பும் வாயில் குறுகலாகவும் இருந்தால், முதலில் வெளியேறுவோர் நம் பிள்ளைகளே. ஆயினும் மறுபுறமும் எண்ண வேண்டும். ஒன்றும் கையில் இன்றி வெளியேறுதல் ஏற்கெனவே நிகழ்ந்து வருகிறது. அதற்குப் பெயரில்லை, கணக்கில்லை, சான்றிதழும் இல்லை. ஆகவே எத்திட்டத்தையும் நாம் ஓர் அளவுகோலால் அளப்போம்: வெளியேறியவருள் எத்தனை பேர் திரும்பி வந்து பட்டம் முடித்தனர்? அவ்வெண்ணிக்கை மிகுந்தால் அது ஏணியின் படி. குறைந்தால் அது மதிலின் மேடு.

சங்கம் செய்யத்தக்கவை

வரலாற்றை அறிவது செயலுக்காகவே. நம் சங்கம் மேற்கொள்ளத்தக்க பணிகள் சிலவற்றை ஈண்டு முன் வைக்கிறோம்.

முதலாவதாக, எஸ்டேட்டு தோறும், காலனி தோறும், கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டோரின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தல் வேண்டும். எத்தனை பருவம் முடித்தனர், எத்தனை பாடம் பாக்கி, மதிப்பெண் பட்டியல்கள் கையில் உள்ளனவா என்பன அதில் இடம்பெற வேண்டும். பலருக்குப் பட்டம் இரண்டு மூன்று பாடத் தொலைவில் நிற்கிறது.

இரண்டாவதாக, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பமும் பாதுகாக்கப் பழக்குதல் வேண்டும். லைன் வீட்டுக் கூரை ஒழுகி அழிந்த சான்றிதழ், படித்த படிப்பையே அழித்தது போலாகும்.

மூன்றாவதாக, புதிய பெயருடன் எந்தப் படிப்பு வந்தாலும் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இச்சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும்? அரசுப் பணிக்குச் செல்லுமா? உதவித்தொகை இடைமுறிவுக்குப் பின்னும் கிடைக்குமா? விடை எழுத்தில் கிடைத்த பின்னரே பிள்ளையைச் சேர்த்தல் நலம்.

நான்காவதாக, நடுவில் நின்று திரும்பி வருவோர்க்கெனச் சிறு நிதி ஒன்றை ஒதுக்குதல் வேண்டும். முதல் மதிப்பெண் பெற்றவர்க்குப் பரிசளிக்கும் சங்கங்கள் பல. விழுந்து எழுந்தவர்க்குத் தேர்வுக் கட்டணம் செலுத்தும் சங்கம் ஒன்றேனும் இம்மலையில் இருக்கட்டும். பரோடா மன்னர் தந்த 25 ரூபாய் நம் நினைவில் நிற்கட்டும்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் குளிரில் உதகையில் கூடிய பெரியோர் கேட்டது மெட்ரிக்குலேஷன் வரை. அதனைப் பெற நம் மக்களுக்குப் பல்லாண்டுகள் பிடித்தன. இன்று நாம் கேட்பது, தொடங்கிய பிள்ளை ஒவ்வொன்றும் பட்டத்தோடு முடித்தல் வேண்டும் என்பது. பொன் விழா மலரில் எழுதப்போகும் தலைமையாசிரியர், திரும்பி வந்து பட்டம் முடித்தோரின் எண்ணிக்கையை இப்பக்கத்தில் உள்ள நம் வேண்டுகோளோடு ஒப்பிட்டு எழுதுவாராக.